உளியைவிட உப்புத்தாளுக்கு அஞ்சுங்கள்

களியக்காவிளைக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் மருத்துவரான எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால், அடையாளம் தரக்கூடிய விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 63. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் எடுத்துக்கொள்கிறார். 8 மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து திருவனந்தபுரத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அன்றுமுதல் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் என்று இரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகளும், இதயத் துடிப்பைக் குறைக்க ஒரு மாத்திரையும் சேர்ந்திருக்கின்றன. வலது கண்ணில் புரை தொடங்கியிருக்கிறது. இரவில் பாதங்கள் எரிகின்றன. அம்மா காலமான பிறகு பாகம் பிரித்ததில் மூன்று பொருள்கள் அவர் பங்குக்கு வந்தன: பிரம்புப் பின்னல் அறுந்துபோன, அப்பாவின் ஈட்டிமரச் சாய்வு நாற்காலி ஒன்று, அயினிப் பலகையில் செய்த நெல் பத்தாயம் ஒன்று, மூன்று முறையாவது பச்சைப் பெயின்ட் பூசப்பட்ட பலாமர அலமாரி ஒன்று. அண்ணன் தம்பிகள் "விறகுக்குத்தான் ஆகும்" என்று ஒதுக்கிய இவற்றைத் தன் கையாலேயே சீராக்க வேண்டும், அப்படியே தச்சுவேலையையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய ஆசை. "சாக்பீஸைத் தவிர எதையும் பிடித்தறியாத கை இது, இனி பழகுமா?" என்று கேட்கிறார்.

மனைவிக்கு இதில் விருப்பமில்லை. "ரெத்தம் நிக்காத மனுசனுக்கு உளி எதுக்கு?" என்பது அவருடைய கேள்வி. பெங்களூரில் இருக்கும் மகனோ உற்சாகத்தில் வட்டரம்ப இயந்திரம் ஒன்றை வாங்கி அனுப்பிவிட்டார். வாசகரும் சில ஏற்பாடுகளை யோசித்து வைத்திருக்கிறார். சனி, ஞாயிறு மட்டும் வேலை செய்வது. அதற்காக வெள்ளியும் சனியும் இரத்த மாத்திரைகளை நிறுத்திக்கொள்வது. அலமாரியின் பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுப்பது. தூளுக்கு மூக்கில் துவர்த்து (துண்டு) கட்டிக்கொள்வது. இயந்திரத்தில் வேலை செய்யும்போது கையுறை அணிவது. இவை போதுமா என்று கேட்கிறார்.

அன்புள்ள ஐயா,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கை பழகும். இளைஞனைவிட மெதுவாகப் பழகும், அவ்வளவுதான். 63 வயதில் புதிய கைவேலை ஒன்றைக் கற்க மூளையிலோ தசையிலோ தடை ஏதும் இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுகிப்போவதும், விரல் மடங்கிய நிலையில் பூட்டிக்கொள்வதும் மற்றவர்களைவிட அதிகமாக வரும் என்பதால், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் முழுதாகத் தூக்க முடிகிறதா, காலையில் விரல்கள் தடையில்லாமல் நிமிர்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். முடிகிறதென்றால் வயதைப் பற்றிய பேச்சை இத்துடன் விட்டுவிடலாம்.

ஆனால் உங்கள் பயம் இடம் மாறி நிற்கிறது. நீங்களும் உங்கள் மனைவியும் உளிக்குப் பயப்படுகிறீர்கள். தீட்டிய உளியால் வரும் காயத்தை, இரண்டு மாத்திரை சாப்பிடுபவரிடமும் பெரும்பாலும் அழுத்திப் பிடித்தே நிறுத்திவிடலாம். நீங்கள் பாதுகாப்பு என்று நினைத்து எழுதியிருக்கும் ஏற்பாடுகளில்தான் உயிருக்கு உலை வைக்கக்கூடியவை இருக்கின்றன.

மாத்திரையை நிறுத்தும் யோசனை

இதை இன்றே கைவிட்டுவிடுங்கள். ஸ்டென்ட் என்பது இரத்தக் குழாய்க்குள் விரித்து வைத்த உலோக வலை. அதன்மேல் உடலின் சொந்தப் படலம் படர்ந்து மூடும்வரை, இரத்தத்துக்கு அது ஓர் அந்நியப் பொருள்தான். அந்தக் காலத்தில் மாத்திரைகளை நிறுத்தினால் வலைக்குள்ளேயே இரத்தம் கட்டிக்கொண்டு குழாய் திடீரென அடைபடலாம். அப்படி வரும் மாரடைப்பு முதல் மாரடைப்பைவிடக் கொடியதாக இருக்கக்கூடும். மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இரண்டு மாத்திரைகளையும் பொதுவாக ஓராண்டு கொடுப்பதற்குக் காரணம் இதுதான்.

கணக்கு வாத்தியாரான உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: உங்கள் திட்டம் கணக்குப்படியும் தவறு. இந்த இரண்டு மாத்திரைகளும் இரத்தத் தட்டணுக்களை, அவற்றின் ஆயுள் முடியும்வரை முடக்கிவிடுகின்றன. தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள். நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் புதிதாகப் பிறக்கிறது. ஆக, இரண்டு நாள் நிறுத்தினாலும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் உடலில் இருக்கும் தட்டணுக்களில் பெரும்பகுதி முடங்கியவையாகவே இருக்கும். காயத்துக்கு நன்மை கிடைக்காது, இதயத்துக்கு ஆபத்து மட்டும் வந்து சேரும்.

உங்களுக்கு ஓராண்டு நிறைய இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. அதன்பிறகு பெரும்பாலும் ஒரு மாத்திரையை மட்டும் தொடரச் சொல்வார்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் ஸ்டென்ட் வைத்த மருத்துவர். கேரள எல்லையோரத்தில் இருக்கும் நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு: இதயத்துக்குத் திருவனந்தபுரம், சர்க்கரைக்கு மார்த்தாண்டம், கண்ணுக்கு நாகர்கோவில். மூன்று சீட்டுகளும் மூன்று பிளாஸ்டிக் பைகளில் கிடக்கும். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டுபோய், "தச்சுவேலை கற்கப் போகிறேன், உளியும் மரம் அறுக்கும் வாளும் பிடிப்பேன்" என்று இதய மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கற்பதற்குத் தடை சொல்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. பத்தாயத்தை நகர்த்துவது, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவது போன்றவற்றை அவர் தடுப்பார், நானும் தடுக்கிறேன். அந்த வேலைக்கு இரண்டு ஆட்களைக் கூப்பிடுங்கள்.

தூளும் பச்சைப் பெயின்டும்

"மரத்தூள் இயற்கையானதுதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். புகையிலையும் இயற்கையானதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் வரிசையில் 1995இலேயே மரத்தூளைச் சேர்த்துவிட்டது. மூக்கினுள்ளும் அதைச் சுற்றிய எலும்பறைகளிலும் வரும் அரிய வகைப் புற்று அது; கடின மரங்களில் ஆண்டுக்கணக்காக வேலை செய்தவர்களிடம்தான் அதிகம் காணப்பட்டது. வாரம் இரண்டு நாள் வேலை செய்யும் உங்களுக்கு அந்த அளவு ஆபத்து இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். உங்களுக்கு முதலில் வரக்கூடியவை மூக்கடைப்பு, இருமல், ஆஸ்துமா போன்ற இழுப்பு, தோல் அரிப்பு ஆகியவை. ஈட்டி, தேக்கு இரண்டின் தூளுக்கும் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் வேதிப்பொருள்கள் உண்டு. முன்கையிலும் கழுத்து மடிப்பிலும் தடிப்புடன் வருகிறவர்களிடம், சோப்பை மாற்றினீர்களா என்பதற்கு முன் "வீட்டில் மரவேலை நடக்கிறதா?" என்று கேட்கும் வழக்கம் எனக்கு உண்டு.

துவர்த்து பெரிய சீவலைத் தடுக்கும். நுரையீரல் வரை இறங்குகிற, கண்ணுக்குத் தெரியாத நுண்தூளைத் தடுக்காது. கொரோனா காலத்தில் வாங்கிய என்95 முகக்கவசம், மூக்கின் மேல் சரியாகப் படிந்தால் அதைத் தடுக்கும். தின்னர், வார்னிஷ் ஆவியை அதுவும் தடுக்காது என்பதை நினைவில் வையுங்கள். அந்த வேலைகளைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்.

இனி அலமாரி. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இதுதான். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் தேதியில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் அம்மா காலத்துப் பச்சையில் ஈயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். உலர்ந்த பெயின்டை உப்புத்தாளால் தேய்த்தால் அந்த ஈயம் மாவாகித் திண்ணையிலும் துணியிலும் படியும். உங்கள் வீட்டில் மூன்று வயதுப் பேரன் இருக்கிறான். தரையைத் தொட்ட கை வாய்க்குப் போகும் வயது அது. வயிற்றுக்குள் போகும் ஈயத்தைச் சிறு குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறது. அது வளரும் மூளையைப் பாதிக்கிறது.

பெயின்ட் ரிமூவர் டப்பா வாங்கலாமே என்று கடைக்காரர் சொல்லக்கூடும். மெத்திலீன் குளோரைடு என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள். அந்த ஆவி உடலுக்குள் போனபின் கார்பன் மோனாக்சைடாக மாறி, இரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குறைக்கிறது. எல்லோருக்கும் அது கேடு. எட்டு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்தவருக்குச் சொல்லவே வேண்டாம். பெயின்ட் நீக்குவதற்காக அதைப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்கா 2019இல் தடை செய்தது. தீ காட்டிப் பெயின்டை உரிப்பதும் கூடாது. சூட்டில் ஈயம் புகையாகக் கிளம்பும்.

அப்படியானால் அலமாரியை என்ன செய்வது? என் யோசனை, அதை இப்போதைக்கு அப்படியே விட்டுவிடுவது. உரிந்து உதிராத பெயின்ட் இருக்கும் இடத்தில் இருந்தால் தீங்கு செய்யாது. எடுத்தே ஆக வேண்டுமென்றால், பேரன் ஊருக்குப் போயிருக்கும் நாள்களில், வீட்டைவிட்டுத் தள்ளி, தரையில் தார்ப்பாய் விரித்து, பெயின்டை நீரால் நனைத்துக்கொண்டே சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டலைக் கட்டி அப்புறப்படுத்தி, உடுத்திய துணியைத் தனியாகத் துவைத்து, குளித்த பிறகே வீட்டுக்குள் வர வேண்டும்.

நாற்காலியின் கதை வேறு. அது பெயின்ட் படாத மரம். பழைய ஈட்டிச் சாமான்களுக்குப் பெரும்பாலும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசியிருப்பார்கள். பிரெஞ்ச் பாலிஷ் என்று நாம் சொல்வது அதைத்தான். பின்கால் ஒன்றின் உட்பக்கத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பு நிறம் ஏறினால் அது அரக்கு மெருகு. அதைத் தேய்த்து எடுக்க வேண்டிய தேவையே இல்லை. அழுக்கை மட்டும் துடைத்துவிட்டு, அதே அரக்குக் கரைசலைப் பஞ்சுப் பொதியால் மெல்ல மெல்ல ஏற்றினால் பழைய பூச்சும் புதியதும் ஒன்றாகக் கரைந்து சேர்ந்துவிடும். எழுபது எண்பது ஆண்டில் மரத்தில் ஏறிய நிறம் போகாது, ஒரு சிட்டிகை தூளும் பறக்காது. ஸ்பிரிட்டுக்குப் பக்கத்தில் மட்டும் அடுப்போ பீடியோ இருக்கக்கூடாது.

ஆளி விதை எண்ணெய் தேய்க்கப் போகிறீர்களென்றால், எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காற்றோடு சேர்ந்து தானே சூடேறி, யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

காலும் சர்க்கரையும்

நம் பக்கத்து ஆசாரிமார் வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். தரையில் உட்கார்ந்து, பலகையைக் கால் கட்டைவிரலுக்கும் பாதத்துக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, வாச்சியைத் தன் பக்கமாகவே வீசிச் செதுக்குவார்கள். வெட்டு விழும் இடத்துக்கும் பாதத்துக்கும் சில நேரம் இரண்டு விரற்கடைதான் இருக்கும். அவர்களுடைய பாதம்தான் பட்டறைப் பிடி. மரம் நழுவப் போவதைக் கை அறியும் முன்பே பாதம் அறிந்துவிடும். உங்கள் பாதத்துக்கு அந்த அறிவு குறைந்துகொண்டிருக்கிறது என்றுதான் இரவு எரிச்சல் சொல்கிறது. எரிகிற பாதம் நன்றாக உணர்கிற பாதம் என்பது பொதுவான தவறான எண்ணம்; நரம்பு கெடும்போதுதான் அப்படி எரியும். ஆகவே அந்தக் காட்சியில் எவ்வளவு அழகு இருந்தாலும், உங்களுக்கு அது வேண்டாம். இடுப்பளவு உயரத்தில் ஒரு பட்டறை மேசை, அதில் மரத்தை இறுக்கிப் பிடிக்க ஒரு பிடிசாவி, காலில் மூடிய செருப்பு: இந்த மூன்றும் ஏற்பாடானபின் தொடங்குங்கள். வேலை முடிந்ததும் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஆணி ஏறியதை மூன்றாம் நாள் சீழ் வைத்தபின் கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

கிளிமெபிரைடு சாப்பிடுபவர் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக்கூடாது; இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். கைவேலையில் மூழ்கியவருக்கு நேரம் தெரியாது என்பதுதான் சிக்கல். போதாததற்கு, துடிப்பைக் குறைக்கும் மாத்திரை, சர்க்கரை இறங்குவதன் அடையாளங்களான படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும். அதையும் வேலைக் களைப்பு என்று நினைத்துவிடுவீர்கள். கைப்பேசியில் ஒன்றரை மணிநேரத்துக்கு ஒரு முறை மணி அடிக்க வையுங்கள். பட்டறை மேசையில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை போட்ட ஒரு சிறு குப்பி இருக்கட்டும்.

மகன் அனுப்பிய இயந்திரம்

பெட்டியைத் திறக்க வேண்டாம். அந்த இயந்திரத்தைப் பலகைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தி, அலகு மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்துப் பலகை அறுப்பதைச் சில பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். உங்களுக்கும் அந்த யோசனையை யாரோ சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அலகின் மூடியைக் கழற்றாமல் அப்படிப் பொருத்த முடியாது. கையில் பிடிக்க வடிவமைத்த இயந்திரத்தில் விரலைக் காக்க இருந்ததே அந்த மூடிதான். வலது கண்ணில் புரை இருப்பவருக்குச் சுழலும் அலகின் தூரம் சரியாகத் தெரியாது. கையுறை காக்கும் என்பதும் தவறு. சுழலும் இயந்திரத்தில் கையுறையின் நூல் மாட்டினால் விரலோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். கையுறை இரசாயனத்துக்கும் சிராய்க்கும் உரியது.

காதையும் சொல்லிவிடுகிறேன். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணிநேரம் இருக்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகும் என்பது தொழில்நல மருத்துவத்தில் பயன்படும் ஒரு கணக்கு. வட்டரம்பத்தின் சத்தம் 100 டெசிபலை எட்டக்கூடியது. எத்தனை நிமிடம் வருகிறது என்று நீங்களே போட்டுப் பாருங்கள், கால் மணிநேரம்தான்.

கைவாளும் உளியும் கொட்டாப்புளியும் இழைப்புளியும் உங்கள் மூன்று சாமான்களுக்கும் தாராளம். மகன் வருத்தப்படுவார் என்றால், அந்த விலைக்கு நல்ல விளக்கு இரண்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். கண்புரைக்கு வெளிச்சம்தான் முதல் கருவி.

அவர் உங்கள் மாணவர்

அடுத்த தெருவில் இருக்கும் ஆசாரி உங்களிடம் எட்டாம் வகுப்பில் கணக்கில் தோற்றவர் என்று எழுதி, "அவனிடம் போய் எப்படி நிற்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் உறவினர் ஒருவர் "இது நம்ம வேலையா?" என்று கேட்டதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இது மருத்துவக் கேள்வி இல்லை. ஆனால் உங்கள் விரல்களின் பாதுகாப்பு இதில்தான் அதிகம் அடங்கியிருக்கிறது என்பதால் பதில் சொல்கிறேன். உளியை எந்தக் கோணத்தில் தீட்டுவது, இடது கை எப்போதும் அலகுக்குப் பின்னால் இருப்பது எப்படி என்பதெல்லாம் காணொளியில் வராது. பக்கத்தில் நிற்பவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினால்தான் வரும். மழுங்கிய உளிதான் கையை அதிகம் வெட்டுகிறது, ஏனென்றால் அதைத்தான் பலங்கொண்டு தள்ளுகிறோம்.

அவர்களிடம் இருக்கும் அறிவைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. என் மருத்துவமனைக் கதவு ஒரு ஐப்பசி மழையில் இறுகிக்கொண்டது. ஓர் ஆசாரியை அழைத்து இழைக்கச் சொன்னேன். "இப்போ தொடண்டாம் டாக்டரே, வெயில் வரட்டும்" என்றார். நான் கேட்கவில்லை, வேறொருவரைக் கொண்டு இழைத்தேன். பங்குனியில் அந்தக் கதவின் ஓரம் விரல் நுழையும் அளவுக்கு விலகி நின்றது. தக்கலைக்கு அருகில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலையை வெளியூர் விருந்தினருக்குப் பெருமையாகக் காட்டும் நாம், அதைச் செய்தவர்களின் வழிவந்தவரிடம் கேட்பதற்கு மட்டும் ஏன் கூசுகிறோம் என்று தெரியவில்லை. உங்கள் கடிதம் முழுவதும் அவரை "அவன்" என்றே எழுதியிருக்கிறீர்கள். நேரில் போகும்போது அதை மாற்றிக்கொள்ளுங்கள்; கூலியைப் பேசி, மாதாமாதம் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் உங்களை இன்னும் "சாரே" என்றுதான் கூப்பிடுவார்.

வெட்டுப்பட்டால்

இந்தப் பகுதியை உங்கள் மனைவியும் படிக்கட்டும். சுத்தமான துணியை வைத்து, கையை உயர்த்தி, 15 நிமிடம் கடிகாரம் பார்த்து விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காபித்தூள், மஞ்சள், சாம்பல் எதுவும் வேண்டாம். தையல் போடும் முன் அவற்றைக் கழுவி எடுப்பதற்கே எங்களுக்கு அரை மணிநேரம் போகிறது. 15 நிமிடத்தில் நிற்காவிட்டாலோ, விரல் மரத்துப்போனாலோ மடங்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்; இரண்டு மாத்திரைகளின் பெயரையும் சொல்லுங்கள். விரல் துண்டானால் ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறையைப் பனிக்கட்டியின் மேல் வையுங்கள். விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் படக்கூடாது. டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்தாண்டு ஆகியிருந்தால் இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

மீதமிருக்கும் நான்கு மாதங்களுக்கு அலமாரியையும் பத்தாயத்தையும் விட்டுவிட்டு, நாற்காலியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மெருகு ஏற்றுவது, ஆடும் கால்களைத் திரும்ப ஒட்டுவது, பிரம்பு பின்னுவது எல்லாம் கூர்மையான அலகு அதிகம் தேவைப்படாத வேலைகள். பழைய இணைப்புகளில் வச்சிரம் போட்டு ஒட்டியிருந்தால் சூடான ஈரத் துணி வைத்ததும் இளகிக் கழன்று வரும். சுத்தியலால் அடித்துப் பிரிக்காதீர்கள். பிரம்பை ஊறவைத்துப் பின்னும்போது குறுக்கும் நெடுக்கும் மூலைக்கும் ஓடும் இழைகளின் கணக்கு உங்களுக்கு யாரும் சொல்லித்தராமலே பிடிபடும். உளி பிடிக்கும் நாளை, இதய மருத்துவரைப் பார்த்து வந்தபின் ஆசாரியோடு பேசி முடிவு செய்யுங்கள். அலமாரிக் கதவு ஐப்பசியில் இறுகினால், அப்போதும் இழைக்க வேண்டாம்.